மாமனார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்

மாமனார் இறந்த பிறகுதான் வீட்டில் அவருடைய குரல் கேட்க ஆரம்பித்தது என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அது சரியில்லை. குரல் அதற்கு முன்பே இருந்தது. மனிதர் உள்ளறையில் படுத்துக் கிடந்ததால் கூரையிலிருந்து வந்த குரல் யாருக்கும் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆயுசு முழுக்க மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவர் அவர். அங்கே ஒரு மீட்டரின் முள் எல்லை தாண்டினால் அதை ஒருவர் பார்க்க வேண்டும். அவர் பார்த்தாரா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். ஓய்வு பெற்றபோது அந்தப் பழக்கத்தையும் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கணினியை வைத்து, வாசற்கதவின் பூட்டு, தண்ணீர் மோட்டார், காஸ் வால்வு, விளக்குகள் எல்லாவற்றையும் அதன் பிடியில் கொடுத்தார். அறைக்கு ஓர் ஒலிபெருக்கி கூரையில், ஆள் அசைவைக் கண்டுபிடிக்கும் ஒரு சென்சார். நோய் முற்றிப் படுக்கையே கதி என்றான பிறகும் மனிதர் சும்மா இருக்கவில்லை. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, தன் குரலிலேயே ஒவ்வொன்றாகப் பதிவு செய்து சேர்த்தார்.

"நான் இல்லாட்டியும் வீடு நடக்கணும் இல்ல?" என்பார்.

வீடு நடந்தது. காலையில் கூரை, "மாத்திரை போட்டியா?" என்றது. மோட்டார் நின்றதும், "குழாயை மூடு" என்றது. அடுப்பு கொஞ்சம் கூடுதலாக எரிந்தால், "அடுப்புல என்ன வச்சிருக்க, ஞாபகம் இருக்கா?" என்றது. இருட்டிய பிறகு யாராவது வாசற்கதவின் தாழ்ப்பாளைத் தொட்டால் போதும், "இந்த நேரத்துல எங்க கிளம்பிட்ட?" என்று தலைக்கு மேலிருந்து கேட்டது.

மாமியாருக்குத் துணையாக இருக்கட்டும் என்று மகனும் மருமகளும் அந்த வீட்டுக்கே குடிவந்தார்கள். மகனுக்கு அந்தக் குரல் தேன். ஒவ்வொரு தடவையும் தலையை நிமிர்த்திச் சிரிப்பான். "பாரு, அப்பா கரெக்டா சொல்றாரு." துக்கம் கேட்க வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர் உங்களை விட்டுப் போகவே இல்லைங்க" என்றார்கள்.

"ஆமா" என்பார் மாமியார். சொல்லிவிட்டுக் காபி தம்ளர்களை எடுக்கப் போய்விடுவார்.

மருமகளுக்கு அலுவலகத்தில் கமா என்று பெயர். ஒரே ஒரு கமாவுக்காக ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். கணவன் கேலியாகச் சொல்ல ஆரம்பித்து, கடைசியில் மாமியார் வாயிலும் அதுவே நுழைந்துவிட்டது. அவள் வேலை, கெர்னலுக்கு ஆவணம் எழுதுவது. கணினிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்துகொண்டு, யார் ஓடலாம், யார் காத்திருக்கலாம், யார் சாகலாம் என்று தீர்மானிக்கிற நிரல்தான் கெர்னல். அதை எழுதுகிறவர்களுக்கு எழுத வராது. அவர்கள் செய்து வைத்ததை மற்றவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கமா.

அப்போது அவள் கையில் இருந்தது ப்ராசஸ் குழுக்களைப் பற்றிய ஆவணப் பக்கம். ஓடுகிற ஒரு நிரலுக்கு ப்ராசஸ் என்று பேர். அது தன் வேலைக்குத் துணையாகப் பிள்ளைகளைப் பெற்றுக்கொள்ளும். பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளை. இப்படிப் பெருகுகிற கூட்டம் ஒரு குழு. குழுவுக்கு ஒரு சிக்னல் அனுப்பினால் மொத்தக் கூட்டமும் நின்றுவிடும் என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது. அந்த வாக்கியத்தில் இலக்கணம் சுத்தமாக இருந்ததால் கமா அதைத் தொடவில்லை.

ஒரு நாள் இருட்டிய பிறகு அவள் வேலை முடிந்து வந்தபோது கதவு பூட்டியிருந்தது. கதவிலிருந்த கண்ணாடி வழியாகப் பார்த்தால், மாமியார் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். காலில் வெளியே போடும் செருப்பு, தோளில் பை. கை தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் போய், தொடாமல் அப்படியே நிற்கிறது. எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாரோ தெரியவில்லை.

கமா வெளியிலிருந்து தன் விரலை வைத்துப் பூட்டைத் திறந்தாள். கூரை உடனே கேட்டது: "இந்த நேரத்துல எங்க கிளம்பிட்ட?"

மாமியார் பின்னால் நகர்ந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அத்தை, எங்கயாவது போகணுமா?"

"தங்கச்சி வீட்டுக்கு. நாலு நாள் இருந்துட்டு வரலாம்னு பாத்தேன். பகல்லயே போயிருக்கணும். பகல்ல கிளம்புனா ஏதாவது ஒண்ணு சொல்லிட்டே இருக்கு. குழாயை மூடு, அடுப்பை அணை. அதைச் செஞ்சு இதைச் செஞ்சு இருட்டிப் போச்சு."

"அது சும்மா பதிவு பண்ண குரல் அத்தை. அதுபாட்டுக்குப் பேசட்டும், நீங்க போங்க."

மாமியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். "எனக்குத் தெரியாதாம்மா அது பதிவுன்னு? காலுக்குத் தெரியலையே. அந்தக் குரலைக் கேட்டா கால் நின்னுடுது. கல்யாணமான நாள்லேருந்து நின்னு பழகின கால்."

கமா பையைக் கீழே வைத்தாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடிச்சாரா திட்டினாரான்னு கேட்டா ஒண்ணும் கிடையாது. கேப்பாரு, அவ்வளவுதான். எங்க போற, எப்ப வர, ஏன் இவ்வளவு நேரம். எல்லாரும் எனக்கு அது ஆறுதல்னு நெனக்கிறீங்க." மாமியார் குரலைத் தாழ்த்தினார், கூரைக்குக் கேட்டுவிடும் என்பது போல. "இருந்தப்பவாவது மனுஷன் தூங்குவாரு கமா. இப்ப அதுவும் கிடையாது."

பிறகு கேட்டார்: "இதை நிறுத்த முடியுமா? உன் வேலையே இதானே?"

அன்று கணவனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் முதலில் நம்பவில்லை. பிறகு முகம் சுருங்கிப்போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "அம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க சிரிச்சுட்டு இருந்தீங்க. எப்படிச் சொல்வாங்க?"

அவன் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தான். "நிறுத்து. ஆனா எதையும் அழிச்சுடாத. அப்பா போன்ல பேச மாட்டாரு, வீடியோவுல நிக்க மாட்டாரு. அவரு குரல்னு எங்கிட்ட இருக்கறது அது மட்டும்தான். ஒண்ணுகூட அழியக் கூடாது."

அவள் சத்தியம் செய்து கொடுத்தாள். கணினியை ஒரேயடியாக அணைத்துவிட முடியாது. வாசற்கதவே அதைக் கேட்டுத்தான் திறக்கும். ஒலியைக் குறைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அது தானாகப் பழைய அளவுக்கு ஏறிவிட்டது. ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினால் குரல் வாசல் மணிப் பெட்டியிலிருந்து வந்தது. குரலை எழுப்புகிற நிரலையே நிறுத்தினால்தான் உண்டு. அதைப் பற்றித்தானே தினமும் எழுதுகிறோம், இது என்ன பிரமாதம் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை மாடிப்படிக்குக் கீழே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மாமியார் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். கணவன் துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்தான். கமா தன் ஆவணப் பக்கத்தில் எழுதியிருந்த அதே முறைப்படி குழுவைக் கண்டுபிடித்து, குழுவுக்கு சிக்னலை அனுப்பினாள். திரையில் அத்தனையும் மறைந்தன.

"முடிஞ்சுது அத்தை!" என்று கத்தினாள்.

வீடு அமைதியாக இருந்தது. பால் பொங்குகிற சத்தம்கூடக் கேட்டது. மாமியார் கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்து, பயந்து பயந்து மேலே பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

அப்போது கூரை பேசியது. யாரும் அதுவரை கேட்டிராத பேச்சு.

"யாரு அதுல கை வச்சது?"

கரண்டி கீழே விழுந்தது. மாமியார் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். "பாத்தியா, அவருக்குத் தெரிஞ்சு போச்சு. நான்தான் நிறுத்தச் சொன்னேன்னும் தெரியும்."

கமா சட்டென்று திரும்பினாள். திரையைப் பார்த்தாள். மறைந்தவை எல்லாம் திரும்ப வந்திருந்தன. சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிய, கூரை பழையபடி, "அடுப்புல என்ன வச்சிருக்க, ஞாபகம் இருக்கா?" என்றது.

அன்று முழுக்க அவள் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. பெரியவர் செய்து வைத்திருந்தது மெல்ல மெல்லப் புரிந்தது. கட்டுப்பாட்டு அறையின் அதே ஏற்பாடு. ஒவ்வொரு குரலுக்கும் ஒரு ப்ராசஸ், அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு காவல், காவலுக்கு ஒரு காவல். அந்தக் காவல் பிள்ளைகள் பிறந்த கையோடு குழுவை விட்டு விலகித் தனிக்குடித்தனம் போய்விட்டன. குழுவுக்கு அனுப்பிய சிக்னல் அவற்றுக்குப் போகவே இல்லை. ஒன்றைக் கொன்றால், அடுத்ததற்குக் கை நீட்டுவதற்குள் மற்றொன்று அதைத் திரும்பப் பெற்றுப் போட்டது. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி: "யாரு அதுல கை வச்சது?" மத்தியானத்துக்குள் மாமியார் காதில் துணியைக் கட்டிக்கொண்டு பின்வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை கமா நேராக அலுவலகத்தில் ஒருவரியின் மேசைக்குப் போனாள். கெர்னலில் அந்தப் பகுதியை எழுதியவர் அவர்தான். எதைக் கேட்டாலும் ஒரு வரிக்கு மேல் பதில் வராது என்பதால் அந்தப் பெயர்.

"சார், குழுவுக்கு சிக்னல் குடுத்தும் சிலது சாகலை."

"அதெல்லாம் குழுவை விட்டுப் போயிருக்கும்."

"அப்படிப் போனா சிக்னல் போகாதுன்னு நம்ம பக்கத்துல இல்லையே சார். மொத்தமும் நிக்கும்னு போட்டிருக்கு."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"தெரிஞ்சவங்க எதுக்கு சார் அந்தப் பக்கத்தைப் படிக்கப் போறாங்க?"

ஒருவரி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருப்பதை அப்போதுதான் பார்த்தார் போலும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அன்றைக்கு அவர் பேசியதைக் கேட்டு அக்கம்பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ப்ராசஸ் குழுன்னா புள்ள இஷ்டத்துக்கு வெளிய போயிடலாம். கட்டுப்பாட்டுக் குழுன்னு இன்னொண்ணு இருக்கு பாரு, அது அப்படி இல்ல. ஒரு சேவையை, அதான் பின்னணியில ஓடற ஒரு வேலையை, தொடங்கினப்பவே கெர்னல் அதுல பேரை எழுதிடும். புள்ள, பேரன், தனிக்குடித்தனம் போனது, எல்லாம் அதே கணக்குதான். நீ ஒண்ணொண்ணா கொன்னா ஜெயிக்க முடியாது. முதல்ல அந்தக் கட்டுப்பாட்டுக் குழுவை உறைய வை. உறைஞ்சது சாகலை, ஆனா கையைக் காலை அசைக்க முடியாது, புதுசா பெத்துக்கவும் முடியாது. அப்புறம் மொத்தமா கொல்லு."

"இதையும் எங்கயும் எழுதலை சார்."

"நீ எழுது" என்றார் ஒருவரி, பழையபடி ஒரு வரிக்குத் திரும்பி.

அன்று வெயில் இறங்குவதற்குள் கமா வீட்டுக்கு வந்துவிட்டாள். பூட்டும் மோட்டாரும் வேறொரு சேவையில் தனியாக ஓடின. அவற்றைத் தொட வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்க ஒரு ப்ராசஸைக் கொன்றுவிட்டு, குரல்கள் இருந்த கட்டுப்பாட்டுக் குழுவை உடனே உறைய வைத்தாள். "யாரு அதுல" என்று ஆரம்பித்த குரல் பாதியில் நின்றது. அந்தப் பாதி வார்த்தை கூரையில் எங்கோ ஒட்டிக்கொண்டிருப்பது போல அவளுக்குத் தோன்றியது.

உறைந்து நின்றவற்றைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் பெரியவர் பெயர் வைத்திருந்தார். மாத்திரை, குழாய், அடுப்பு, கதவு, காவல். இவற்றுக்கிடையில் அவளுக்குப் பரிச்சயமில்லாத ஒன்று: பகல். அது ஒரு தடவைகூடப் பேசியதில்லை. எதற்காகக் காத்திருக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்தாள். வீட்டின் எந்த அறையிலும் ஒரு பகல் முழுக்க அசைவே இல்லாவிட்டால் பேச வேண்டும் என்று இருந்தது. பெரியவர் போன பிறகு மாமியார் ஒரு பகல்கூட வீட்டை விட்டுப் போனதில்லை. அதனால் அதற்கு வேலை வரவில்லை.

காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு அந்தப் பதிவை ஓட விட்டாள்.

முதலில் மூச்சு. பிறகு, "ஏய்" என்ற மெதுவான கூப்பிடல். "எங்க இருக்க? சத்தமே காணோம். விழுந்து கிழுந்து போயிட்டியா?" கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. "யாராவது இருக்கீங்களா? யாராவது அவளைப் போய்ப் பாருங்களேன்." குரல் உடைந்தது. "பதில் சொல்லு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். பதில் மட்டும் சொல்லு." அதன் பிறகும் பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த மறந்திருக்கிறார். ஒரு மனிதன் தன்னந்தனியாக மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

இயர்போனைக் கழற்றியபோது மாமியார் அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "என்னம்மா, அழற?"

மறைக்க முடியவில்லை. இயர்போனை அவர் காதில் வைத்தாள். மாமியார் நின்றபடியே முழுவதையும் கேட்டார். முகத்தில் எதுவும் அசையவில்லை. முடிந்த பிறகும் காதிலிருந்து எடுக்கவில்லை.

"இந்தக் குரலை ஒரே ஒரு தடவை கேட்டிருக்கேன்" என்றார். "டாக்டர் சொன்ன அன்னிக்கு, ஆஸ்பத்திரி லிஃப்ட் வாசல்ல. யாருமில்லைன்னு நெனச்சுப் பேசினாரு. நான் பின்னாடி நின்னுட்டிருந்தேன்."

மகன் அதற்குள் வந்து வாசலில் நின்றிருந்தான். யாரும் அவனை உள்ளே வா என்று சொல்லவில்லை, அவனும் வரவில்லை.

"இதை மட்டும் விட்டு வைக்கட்டுமா அத்தை?" என்று கேட்டாள் கமா. "இது உங்களை ஒண்ணும் கேக்கலையே."

மாமியார் யோசித்தார். "நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா பகல்ல இங்க யாரு இருப்பா?"

"யாரும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவோம்."

"அப்ப தினம் கூப்பிடுவாரு."

"ஆமா."

"யாரும் பதில் சொல்ல மாட்டாங்க."

கமா தலையாட்டினாள்.

"வேணாம்" என்றார் மாமியார். "ஆளில்லாத வீட்ல ஒரு மனுஷன் நின்னு கூப்பிட்டுட்டே இருக்கக் கூடாது. என்ன இருந்தாலும் கூடாது. நிறுத்திடு." பிறகு மகன் பக்கம் திரும்பினார். "உனக்கு வேணும்னா குரலை எடுத்து வச்சுக்கப்பா. நான் வேணாம்னு சொல்லலை. ஆனா இனிமே அவரை வேலைக்கு அனுப்பாதீங்க."

மகன் வந்து அம்மாவின் தோளில் கை வைத்தான். கமா குழுவை மொத்தமாக நிறுத்தினாள். கணினி மறுபடி தொடங்கும்போது எழுந்துவிடாதபடி கட்டினாள். குழுவில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, யாரும் இல்லை என்று கெர்னல் பதில் சொன்னது. அரை நிமிஷம் மூவரும் மேலே பார்த்துக்கொண்டே நின்றார்கள். கூரை வெறும் கூரையாக இருந்தது.

மறுநாள் காலை மாமியார் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். படி இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

ஆவணப் பக்கத்தைத் திருத்தி எழுதக் கமாவுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. 'குழுவுக்கு அனுப்பும் சிக்னல், அந்தக் கணத்தில் குழுவில் இருப்பவற்றுக்கு மட்டுமே போய்ச் சேரும். விலகிச் சென்ற பிள்ளைகளுக்குப் போகாது. ஒன்றையொன்று திரும்ப எழுப்பும் ப்ராசஸ்களை நிறுத்த வேண்டுமானால், கட்டுப்பாட்டுக் குழுவை முதலில் உறைய வைக்கவும்.' உதாரணத்துக்கு ஒரு காவல் ப்ராசஸையும் அதற்கு ஒரு காவலையும் எழுதினாள். கடைசியில் ஒரு வரி: 'நிறுத்துவதற்கு முன், உறைந்திருப்பவை ஒவ்வொன்றும் எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவும்.'

ஒருவரி அதைப் படித்துவிட்டு அவள் மேசைக்கே வந்தார். "இந்தக் கடைசி வரி டாக்குமென்டேஷனா, அறிவுரையா?"

"தெரியலை சார். எடுத்துடணுமா?"

அவர் திரும்பிப் போய்விட்டார். சாயங்காலம் பார்த்தால், ஒரு எழுத்தும் மாறாமல் அப்படியே பக்கம் ஏற்கப்பட்டிருந்தது.

நாலு நாள் என்று போன மாமியார் இன்னும் வரவில்லை. போன் செய்தால் பின்னால் தங்கையின் சிரிப்பும் பாத்திரச் சத்தமும் கேட்கும். "அப்புறம் பேசறேன் கமா, வெளிய கிளம்பிட்டிருக்கோம்" என்று வைத்துவிடுவார். கணவன் பதிவுகளை எல்லாம் தன் போனில் ஏற்றிக்கொண்டான். வேலை முடிந்து வந்ததும் உடனே உள்ளே வரமாட்டான். காரை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான். எதைக் கேட்கிறான் என்று அவள் கேட்டதில்லை.

லீவு போட்ட ஒரு நாள் கமா வீட்டில் தனியாக இருந்தாள். குளித்து, சாப்பிட்டு, கடைக்குப் போகலாம் என்று செருப்பைப் போட்டாள். குழு காலியாக இருக்கிறது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. காலையில்கூடச் சந்தேகத்துக்கு ஒரு தடவை பார்த்திருந்தாள். ஆனாலும் கதவுப் பக்கம் போனவள் நின்றாள். பேச வாயெடுத்த பெரியவரை மதிக்காமல் போகக் கூடாது என்பது போல, பை தோளில் தொங்க, சற்று நேரம் அங்கேயே நின்றிருந்தாள். ஒருவரும் பேசவில்லை. பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினாள்.